துவாக்குடிக்கு அப்பாலும் தோசை உண்டு

திருச்சியில நாலு வருஷம் படிச்சேன்னு நாளைக்கு எல்லார்கிட்டயும் சொல்லப் போறோம். ஆனா நம்மில் பலருக்குத் தெரிந்த திருச்சி எது? மெஸ், துவாக்குடி பரோட்டா, ஊருக்கு ரயில் ஏற ஜங்ஷன். அவ்வளவுதான்.

என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் வெளிமாநில மாணவர்களுக்கு. ஆயிரக்கணக்கானோருக்கு மொத்தமாகக் கொதிக்கும் மெஸ் சாம்பாரை வைத்தே அவங்க தமிழ்நாட்டுச் சாப்பாட்டுக்கு மார்க் போடுறாங்க. அவங்களைக் குறை சொல்லாதீங்க. தமிழ் போர்டு படிக்கத் தெரிந்த நாமதானே கூட்டிட்டுப் போகணும்?

"ஆப்ல ஆர்டர் பண்ணிக்கலாமே" என்பீர்கள். திருவானைக்கோவில் பார்த்தசாரதி விலாஸ் 1943 முதல் இருக்கும் கடை. அதன் நெய் ரோஸ்ட் கல்லிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட வேண்டியது. 20 கிலோமீட்டர் டப்பாவில் அடைபட்டு வந்தால் அதில் ரோஸ்ட் எங்கே இருக்கும்?

வழி சிம்பிள். லீவு நாள் காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. அங்கே 1-ம் நம்பர் பஸ் ஏறினால், காவிரிப் பாலம் தாண்டியதும் திருவானைக்கோவில். சாப்பிட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஸ்ரீரங்கம்; ராஜகோபுரம் பார்த்து, ஒரு ஃபில்டர் காபி. சத்திரம் திரும்பினால் மெயின்கார்டு கேட் மைக்கேல் ஐஸ்கிரீம் நடக்கிற தூரம்தான். எல்லாம் ஒரு பெரிய பீட்சா காசுக்குள் முடியும்.

இந்த மாசமே, தமிழ் தெரியாத ரூம்மேட் ஒருத்தரோட கிளம்புங்க. அவங்க ஊர்ல போய்ச் சொல்லும் திருச்சியில், மெஸ்ஸைத் தவிர ஒரு கடைப் பேராவது இருக்கட்டும்.