பெரம்பலூருக்கு ரயில்: இன்னும் ஒரு முறை

மாவட்ட மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பகல்நேர சிகிச்சை மையம் வருவதைப் பற்றி இந்த வாரம் டீக்கடையிலும் பேச்சு. மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்டங்களிலும், முதல் ஆண்டில் 200 என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். கீமோ ஊசிக்காக வேற்றூர் வராந்தாவில் படுத்துக் கிடக்க வேண்டாம் என்றால் என்னைவிட யார் மகிழ்வார்கள்? பேச்சு அத்தோடு நின்றுவிட்டதில்தான் கோபம். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, எங்கே போவது?

வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஊசின்னா ஒரு நாள் போய்ட்டு வந்துரலாம்ண்ணே. கரண்டுக்கு தினமும் கூட யாரு வருவா?"

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், ஏறக்குறைய 25 முறை. அதன்பின் உள்ளே குழாய் வைத்துக் கொடுக்கும் உள்கதிர் சிகிச்சை. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நடுவில் நாள் தள்ளிப்போனால் தப்பிய செல்கள் மறுபடி பெருகத் தொடங்கும். விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம். லீனாக் இயந்திரம் கட்டியின் வடிவத்துக்கு ஏற்பக் கதிரைச் செலுத்தி, பக்கத்திலுள்ள சிறுநீர்ப்பையையும் குடலையும் கூடியவரை காப்பாற்றுகிறது. ஆனால் எவ்வளவு துல்லியமான இயந்திரமும், நான்காவது வாரம் வெங்காய அறுவடைக்காக வராமல் போனவரை எப்படிக் குணப்படுத்தும்?

முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை, 1957-இல் கோபால்ட் இயந்திரத்தையும் 1976-இல் லீனாக்கையும் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டு ஆகிறது. பெரம்பலூருக்குப் பக்கத்து அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஒரு லீனாக் வேண்டும். கதிர் வெளியே கசியாதிருக்க மிகத் தடிமனான கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டும். நாட்டுக்கே சிமெண்ட் அனுப்பும் ஊரில் அது ஒரு தடையா? கதிரியக்க மருத்துவரையும் மருத்துவ இயற்பியலாளரையும் இங்கே தங்கி வேலை பார்க்க வைப்பதுதான் கடினம். அதற்குச் சம்பளமும் குடியிருப்பும் கொடுக்கட்டும்.

அதுவரை? திருச்சி, தஞ்சாவூர், புதுச்சேரி, சென்னை என்று அலையத்தான் வேண்டும். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆமாம், ரயில்தான்.

சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுக் கட்டணமும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கும் 75 சதவீதம். விழுப்புரம்–திருச்சி பாதையில் இருப்பதால் அரியலூர்க்காரர்கள் இதைப் பயன்படுத்தலாம். மாவட்டத் தலைநகராகி 30 ஆண்டுகள் கடந்தும் பெரம்பலூரில் ரயில் நிலையமே கிடையாது. அரியலூர், பெரம்பலூர், துறையூர், நாமக்கல் என்று பாதை கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறை மூப்படைந்துவிட்டது. சரக்கு கிடைக்குமா, வருமானம் வருமா என்றே ரயில்வேயில் கணக்குப் பார்க்கிறார்கள். கதிர்வீச்சு முடிந்து குமட்டலோடும் வயிற்றுப்போக்கோடும் திருச்சியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பேருந்தில் திரும்பும் பெண்ணை எந்தக் கணக்கில் வைத்தார்கள்? பேருந்தில் கழிப்பறை கிடையாது. ரயிலில் உண்டு. எனக்கு இந்த ஒரு காரணமே போதும், பாதை போட.

அரியலூர் போய் ரயிலேற முடிந்தவர்கள், சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே ரயில்வே சலுகைச் சான்றிதழைக் கேட்டு, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுன்டரில் அதைக் காட்ட வேண்டும். துணைக்கு வருபவருக்கும் சேர்த்தே கேளுங்கள்.