சுவரைத் தட்டிப் பார்த்த பிறகு தொலைக்காட்சியை மாட்டுங்கள்



தீபாவளி கழிந்த மறுவாரம் என் பழைய மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பெற்றோர் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டத்து லயத்தை விட்டு, இப்போது பட்டணத்து அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். நான் செருப்பைக் கழற்றும்போதே அந்த அம்மாள், "வாங்க சார், எங்க வீட்டுக் கோலத்தைப் பாருங்க" என்றார்.

சுவரில் நான்கு பெரிய ஓட்டைகள். கீழே, கண்ணாடி நொறுங்கிய 43 அங்குலத் தொலைக்காட்சி. தவணைப் பணமோ இன்னும் எட்டு மாதம் பாக்கி.

பணம் போனது போகட்டும். அது விழுந்த இடத்தில்தான் பேரப்பிள்ளை தினமும் பாயில் உட்கார்ந்து படம் பார்க்குமாம். அன்று சற்று முன்னர்தான் பாட்டி அதைக் குளிப்பாட்டத் தூக்கிப் போயிருக்கிறார். "எல்லாம் என் தப்பு சார்" என்று என் மாணவன் தலைகுனிந்து நின்றான். பெற்றோருக்கு ஆசையாக வாங்கி, தன் கையாலேயே மாட்டியவன் அவன். அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவன் அன்பில் குறையில்லை; சுவரைப் பற்றித் தெரியாமல் போனதுதான் குறை. ஆகவே இந்த இதழில் அதைப் பற்றிப் பேசுவோம்.

நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி 1963-ல் வந்தது. பல காலம் அது மேசைமேல் உட்கார்ந்திருந்த கனத்த பெட்டி. இன்றைய தட்டைத் தொலைக்காட்சியோ படம் மாட்டுவதுபோலச் சுவரில் ஏறிவிட்டது. ஆனால் எல்லாச் சுவரும் ஒரே சுவர் அல்ல.

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். செங்கல் அல்லது சிமெண்டுச் சுவர் கெட்டியாக ஒலிக்கும், கைதான் வலிக்கும். ஹாலை மறித்து அறை எடுப்பதற்காக அடிக்கும் ஜிப்சம் பலகைச் சுவரோ மேளம் போல ஒலிக்கும். கூரைக்கு அடிக்கிறார்களே பிளாஸ்டர் பலகை, அதே இனம்தான் இதுவும். இருபுறமும் காகிதம், நடுவில் ஜிப்சம் மாவு. மொத்தக் கனமே ஏறக்குறைய அரை அங்குலம். பலகைக்குப் பின்னால் வெற்றிடம். 16 அல்லது 24 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச் சட்டமோ தகரச் சட்டமோதான் அந்தச் சுவருக்கு முதுகெலும்பு.

என் மாணவன் செய்த தவறுகள் இரண்டு. முதலாவது, செங்கல் சுவருக்கான பிளாஸ்டிக் பிளக்கைப் பலகையில் அடித்தது. செங்கலுக்குள் அது விரிந்து இறுகிப் பிடிக்கும். அரை அங்குல மாவுப் பலகையில் அது எதைப் பிடிக்கும்?

இரண்டாவது, முன்னே இழுத்துத் திருப்பும் கை வைத்த தாங்கியை வாங்கியது. பால் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் கனம் தெரியாது. கையை நீட்டிப் பிடித்தால் தோள் கழன்றுவிடும். இதுவும் அப்படித்தான். தொலைக்காட்சி 10 கிலோ, தாங்கியின் மேல் திருகாணிக்கும் கீழ் திருகாணிக்கும் இடைவெளி 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சுவரிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் மேல் திருகாணிகளை வெளியே இழுக்கும் பாரம் இரண்டரைக் கிலோ. அதையே 40 சென்டிமீட்டர் முன்னே இழுத்தால் 20 கிலோ! ஆகவே பலகைச் சுவருக்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் தாங்கியே நல்லது.

சரி, எப்படி மாட்டுவது?

முதலில் சட்டத்தைக் கண்டுபிடியுங்கள். ஐஸ் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைச் சுவரில் மெல்ல நகர்த்துங்கள். பலகையைப் பிடித்திருக்கும் திருகாணி உள்ள இடத்தில் காந்தம் ஒட்டும். மேலும் கீழுமாக நேர்கோட்டில் ஒட்டினால் அங்கே சட்டம் உண்டு. தாங்கி மறைக்கும் இடத்தில் மெல்லிய ஆணியால் குத்தி உறுதி செய்துகொள்ளுங்கள்.

துளை போடுமுன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பேட்டரி டிரில் இருந்தால் வசதி. மின்சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலேயோ கீழேயோ துளைக்கக் கூடாது. கம்பி அந்த வழியாகத்தான் பெரும்பாலும் ஓடும்.

மரச் சட்டமானால், திருகாணி பலகையைக் கடந்து மரத்துக்குள் ஒன்றரை அங்குலமாவது இறங்கவேண்டும். முதலில் திருகாணியைவிடச் சிறிய துளை போட்டால் மரம் பிளக்காது. தகரச் சட்டமானால் சாதாரணத் திருகாணியை நம்பாதீர்கள். தகரம் மெல்லியது, புரி வழுக்கிவிடும். அதற்கு டோகள் போல்ட் வாங்குங்கள். அதன் இறக்கை துளைக்குள் மடங்கிப் போய், பின்னால் விரிந்து, சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். பொட்டலத்தில் எத்தனை கிலோ என்று போட்டிருந்தாலும் அதில் கால் பங்கை மட்டும் நம்புங்கள்.

தாங்கியின் துளைகள் இரண்டு சட்டத்துக்கும் பொருந்தவில்லையா? முக்கால் அங்குலப் பிளைவுட் பலகை ஒன்றை இரண்டு சட்டங்களுக்கும் எட்டும்படி அறுத்து, சட்டங்களில் முடுக்குங்கள். தாங்கிக்கான போல்ட்டுகளைப் பிளைவுட்டின் பின்புறமிருந்து முன்கூட்டியே செருகிவிட வேண்டும். போல்ட் தலை அமிழக் குழி எடுப்பதை மறக்காதீர்கள். புதிதாகத் தடுப்புச் சுவர் அடிப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: ஜிப்சம் பலகையை மூடுமுன் சட்டங்களுக்கு இடையே பிளைவுட் வைக்கச் சொல்லுங்கள். செலவு சிறிது, கவலை இல்லை.

தொலைக்காட்சியின் முதுகில் போடும் திருகாணியும் குறிப்பேட்டில் சொன்ன நீளமே இருக்கவேண்டும். நீளம் கூடினால் உள்ளிருக்கும் பாகம் கெடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தூக்கி மாட்ட இரண்டு பேர் வேண்டும். மாட்டுமுன் வெறும் தாங்கியைக் கையால் அழுத்தியும் இழுத்தும் பாருங்கள். அசைந்தால் அன்றைக்கு மாட்டவேண்டாம்.

பக்கத்தில் செங்கல் சுவர் இருந்தால் அதுவே முதல் தேர்வு. வாடகை வீடானால் உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இவை ஒன்றும் முடியாவிட்டால் தாழ்ந்த அலமாரியில் வைத்து, பின்புறத்தை வாரால் அலமாரியோடும் சுவரோடும் கட்டிவிடுங்கள். பிள்ளை பிடித்து இழுத்தாலும் சாயாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவனுமாகப் பிளைவுட் வைத்து முடுக்கினோம். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த அவன் தகப்பனார் கிட்டே வந்தார். தாங்கியைப் பிடித்துத் தன் பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"பட்டை எவ்வளவு, கட்டை எங்கேன்னு தெரியாம மரத்துல கத்தி வைக்கலாமா சார்? சுவரும் அப்படித்தான் போல" என்றார்.

முப்பது ஆண்டு மரம் வெட்டியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். புதுத் தொலைக்காட்சி வாங்க இன்னும் சில மாதம் ஆகும். தாங்கி அதற்காகக் காத்திருக்கிறது.

உங்கள் வீட்டுச் சுவரை இன்று மாலையே ஒருமுறை தட்டிப் பாருங்கள். மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.