இந்தியத்தன்மை என்னும் அளவுகோல்

கலை வரலாற்று ஆய்வேடுகளில் ஒரு சொல் கேள்வியின்றி உலவி வருகிறது: இந்தியத்தன்மை. அது ஓர் ஓவியரிடம் உண்டெனில் அவர் தேசிய ஓவியர். இல்லையெனில் மேற்கின் நகலாளர். இந்த அளவுகோலை யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்ற வினா மட்டும் எழுப்பப்படுவதே இல்லை.

இதற்கு முதலில் இரையானவர் ரவி வர்மா. எண்ணெய் வண்ணமும் ஐரோப்பிய உருவமுறையும் அந்நியம் என்று கூறி வங்கப் பள்ளியின் ஆதரவாளர்கள் அவரை ஒதுக்கினர். ஆனால் 1894இல் அவர் தொடங்கிய கல்லச்சுக்கூடத்தின் இலட்சுமியும் சரஸ்வதியுமே நாட்டின் பூசையறைகளில் குடியேறினர். கோயில் வாசல் மறுக்கப்பட்டவரும் தெய்வத்தின் முகத்தை விலைகொடுத்து வாங்க முடிந்தது. 'அந்நிய' முறை செய்த வேலை இது.

அவருக்கு எதிராக நிறுத்தப்படுவது அவனீந்திரநாத் தாகூர் 1905இல் வரைந்த 'பாரத மாதா'. காவியுடை, நான்கு கைகள். அவற்றில் ஏடு, நெற்கதிர், வெண்துகில், செபமாலை. சுதேசியத்தின் தூய வடிவமாகப் போற்றப்படும் இவ்வோவியத்தின் நீர்வண்ணப் பூச்சுமுறை, கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர்களின் தொடர்பால் உருவானது. அந்த அன்னையும் முதலில் வங்கத்தாயாகக் கருதப்பட்டவளே. இது ஓவியத்துக்கு இழுக்கன்று. கலை கொடுக்கல் வாங்கலில்தான் வளர்கிறது. கொண்டதை மறைத்துவிட்டுத் தூய்மைக்குச் சான்றாக அதையே நீட்டுவதுதான் பிழை.

பாணியைப் பற்றிய இவ்வழக்கு, அதனினும் பெரிய வழக்கொன்றை மூடி மறைக்கிறது: தேசத்துக்குள் யார் இருக்கிறார்கள்? காந்தியின் அழைப்பை ஏற்று 1938 ஹரிபுரா காங்கிரசுக்காக நந்தலால் போஸ் வரைந்த சுவரொட்டிகளில் உழவரும் பறையடிப்பவரும் பஞ்சு கொட்டுபவரும் தலைநிமிர்ந்து நிற்கின்றனர். உழைப்பவரை மேடைக்கு அழைத்த பெருமை அவற்றுக்கு உண்டு. எனினும் அந்தக் கிராமத்தில் பசி இல்லை. ஊரையும் சேரியையும் பிரிக்கும் கோடும் இல்லை.

ஐந்தாண்டுகள் கழித்து, அன்னையின் கையில் நெற்கதிர் தந்த அதே வங்கத்தில், சித்தப்பிரசாத் பஞ்சத்தில் மடிந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். அந்நூலின் படிகளைப் பறிமுதல் செய்து அழித்தது காலனிய அரசு. பின்னாளில் சவி சாவர்க்கர், கழுத்தில் கலயமும் இடுப்பில் துடைப்பமும் கட்டப்பட்ட தீண்டப்படாத மனிதரைத் தீட்டினார். ஹரிபுராவில் விடுபட்ட கோடு அங்கே தெரிகிறது.

இவையனைத்தையும் 'வேற்றுமையில் ஒற்றுமை' என்ற பலகையின்கீழ் ஒரே சுவரில் மாட்டிவிடலாம் என்பார் உண்டு. அது பெருந்தன்மை போலத் தோன்றும் வாயடைப்பு. இவ்வோவியங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒன்று காட்டும் தேசம் மற்றொன்றில் குற்றம் சாட்டப்படுகிறது. அந்தப் பிணக்கைக் கற்பிப்பதே கலை வரலாற்றின் கடமை.

கடமை தவறினால் விளைவது என்ன என்பதும் அறிந்ததே. எம். எஃப். ஹுசைன் 2006இல் நாட்டைவிட்டு வெளியேறினார். தம்மீதான வழக்குகளை 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் இரத்து செய்த பின்னரும் திரும்பவில்லை. 2011இல் இலண்டனில் இறந்தார். 2007 மே மாதம் வடோதராவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில், தேர்வுக்காக வைத்த படைப்புகளுக்காக ஒரு நுண்கலை மாணவர் கைது செய்யப்பட்டார். மாணவர் பக்கம் நின்ற புலத்தின் பொறுப்புத் தலைவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.

கூட்டம் எழுப்பிய வினா புதிதன்று: இது இந்தியப் பண்பாடா? கருத்தரங்குகளில் மெல்லிய குரலில் கேட்கப்பட்ட அதே வினா, தெருவில் கைகலப்பாயிற்று. ஆய்வுலகம் அளவுகோலைக் கூர்தீட்டிக் கொடுத்துவிட்டு, அது வெட்டும்போது மட்டும் அதிர்ச்சி அடைவது நேர்மையாகாது. 'எவ்வளவு இந்தியம்?' என்ற கேள்வியை ஆய்வேடுகள் கைவிடட்டும். 'எவருடைய இந்தியா?' என்பதே கேட்கத் தக்க கேள்வி.