கடுகளவு வடு



திருக்கோவலூரிலிருந்து மணலூர்பேட்டைக்கு வருகையில், முன்சென்ற லாரிச் சக்கரத்திலிருந்து தெறித்த ஜல்லி என் காரின் முகப்பில் கடுகளவு வடுவைப் பதித்தது. சில நாள் கழித்து அதன்மேல் வண்ணம் தீட்டி மறைத்தேன். ஐப்பசி மழைக்குப்பின் அங்கே கொப்புளம் எழுந்தது. அகற்றாது விட்ட துரு, வண்ணத்தின் அடியில் பரவியிருந்தது.

ஆகவே, வடுவை முதலில் சோப்பு நீரால் கழுவி உலர்த்துங்கள். துருவை உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தெடுங்கள். தூசி துடைத்து, பிரைமர் பூசுங்கள். அது காய்ந்தபின், வண்டியின் வண்ணக் குறியீட்டுக்கு ஏற்ற பெயிண்டைத் தீக்குச்சி முனையால் மெல்லிய படலமாக இருமுறை இடுங்கள். ஒவ்வொரு படலமும் காயும்வரை பொறுத்திருங்கள். வெயிலில் சுடும் தகட்டில் வண்ணம் சீராகப் படியாது, நிழலே ஏற்றது.

இன்று தீக்குச்சி முனை போதும். துரு தகட்டைத் துளைத்துவிட்டாலோ, டிங்கரிங் பட்டறையில் ஒட்டுப்போட வேண்டிவரும்.