அந்தச் சட்டமூலத்தை மீண்டும் சபைக்குக் கொண்டு வாருங்கள்

உயர் நீதிமன்றம் குறை காணாத ஒரு சட்டமூலத்தை வாக்கெடுப்புக்கே விடாமல் சாகவிட்டது இலங்கையின் ஒன்பதாவது பாராளுமன்றம். இது மன்னிக்க முடியாத கடமைத் தவறு. அதைத் திருத்த வேண்டிய பத்தாவது பாராளுமன்றம் நாளைக் கடத்திக்கொண்டிருப்பதையும் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அந்தச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் இடதுசாரி அல்லர். சிங்கள பௌத்த தேசியத்தை முன்னிறுத்தி ஆட்சியைப் பிடித்த பொதுஜன பெரமுனவின் கொழும்பு மாவட்ட உறுப்பினர், சட்டத்தரணி பிரேம்நாத் தொலவத்த. தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தி, தன்பாலீர்ப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலத்தை 2022 ஆகஸ்டில் அவர் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவிடம் கையளித்தார். அரசாங்கம் எதிர்க்காது, உறுப்பினர்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுக்கட்டும் என்பதே ஜனாதிபதியின் நிலைப்பாடு. 145 ஆசனங்களுடன் வந்த கட்சியோ அதைத் தன்னுடையதாக ஏற்கவில்லை. தன் கட்சியின் போக்குக்கு மாறாக ஒருவர் துணிந்து நின்றார். அவரைத் தனியே விட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

இந்தப் பிரிவுகள் நம் மரபு தந்தவையல்ல. பிரித்தானிய ஆட்சி எழுதிவைத்துப் போனவை. 365ஆம் பிரிவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை, 365அ பிரிவுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. 1995இல் சட்டக்கோவையைத் திருத்தியபோது நீக்கியிருக்கலாம். மாறாக, ஆண்களை மட்டும் குறித்த 365அ பிரிவின் வாசகத்தை மாற்றிப் பெண்களையும் அதற்குள் இழுத்துப் போட்டார்கள்.

ஏட்டில் மட்டும் கிடக்கும் சட்டம்தானே என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அப்படியல்ல. பொலிஸார் பிடித்துக் கொண்டுபோனவர்களை மருத்துவர் முன் நிறுத்தி, அவர்கள் விருப்பத்துக்கு மாறாக ஆசனவாய்ப் பரிசோதனை செய்வித்து, அதை வழக்குக்குச் சான்றாக்கினார்கள். இதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2020இல் வெளிக்கொணர்ந்தது. ஒரு குடிமகனின் உடலை இப்படி அவமதிக்க இடம்கொடுக்கும் சட்டத்தை எந்த மதத்தின், எந்தப் பண்பாட்டின் பெயரால் காப்பாற்றுகிறீர்கள்?

சட்டமூலத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தை 2023 மே 9ஆம் திகதி சபாநாயகர் சபையில் அறிவித்தார். மூன்றில் இரண்டு பெரும்பான்மை தேவையில்லை, சர்வசன வாக்கெடுப்பும் தேவையில்லை. சாதாரண பெரும்பான்மை போதும். அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. அந்த இடைவெளியில் இதே சபை, உயர் நீதிமன்றம் பல திருத்தங்கள் கேட்ட நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை 2024 ஜனவரியில் அவசர அவசரமாக நிறைவேற்றியது. மக்களின் வாயை அடைக்கும் சட்டத்துக்கு இருந்த நேரம், மக்களைச் சிறையிலிருந்து காக்கும் சட்டத்துக்கு இல்லாமல் போனது. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது, சட்டமூலமும் அதோடு காலாவதியானது.

இந்தியாவில் 377ஆம் பிரிவை 2018இல் நீதிமன்றமே தளர்த்தவில்லையா, இங்கும் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று உறுப்பினர்கள் கைகழுவ முடியாது. நமது அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. நீதியரசர்களின் கை அங்கே கட்டப்பட்டிருக்கிறது. 2016இல் இப்படியொரு வழக்கில், வயதுவந்தோரின் சம்மதத்துடனான உறவைத் தண்டிப்பது இக்காலச் சிந்தனைக்கு ஒவ்வாதது என்று கண்ட உயர் நீதிமன்றத்தால்கூடச் சிறைத்தண்டனையை ஒத்திவைக்கத்தான் முடிந்தது, குற்றத் தீர்ப்பை நீக்க முடியவில்லை. பூட்டைத் திறக்கும் அதிகாரம் பாராளுமன்றத்திடம் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் அதன் மௌனம் இவ்வளவு கொடியது.

சிறுவர்களுக்குப் பாதுகாப்பு போய்விடும் என்ற கூச்சல் பொய். சிறுவர் மீதான பாலியல் சுரண்டலையும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தையும் தண்டிக்கத் தனிப் பிரிவுகள் இதே சட்டக்கோவையில் இருக்கின்றன. மனமொத்த இருவரையும் சிறுவரைச் சீரழிப்பவனையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அப்பட்டமான அவதூறு. மேடைதோறும் அதைச் சொல்லிவரும் அரசியல்வாதிகள் உடனே நிறுத்த வேண்டும்.

தமிழ்க் கட்சிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. ஜெனீவா வரை சென்று உரிமை கேட்பவர்கள், யாழ்ப்பாண வீதியில் வானவில் கொடியோடு நடந்த சொந்தப் பிள்ளைகளின் உரிமை பற்றிக் கேட்டால் கலாசாரம் பேசி நழுவக் கூடாது. ஒவ்வொரு கட்சியும் தன் நிலைப்பாட்டை எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

பொதுஜன பெரமுனவுக்கு இன்று இருப்பது மூன்றே ஆசனங்கள். தொலவத்தவும் சபையில் இல்லை. 225 ஆசனங்களில் 159ஐக் கையில் வைத்திருக்கும் தேசிய மக்கள் சக்திக்குச் சொல்ல எந்தச் சாக்கும் இல்லை. இதை இன்னொரு தனிநபரின் தலையில் கட்டாமல், அரசாங்கமே தன் சட்டமூலமாக வர்த்தமானியில் வெளியிட்டு, திகதி குறித்து விவாதத்துக்கு எடுக்க வேண்டும். பெயர் கூவி வாக்கெடுப்பு நடத்த வேண்டும். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது ஹன்சாட்டில் பதியட்டும். அதுவரை இந்த இரு பிரிவுகளின் கீழ் கைதுகளையும் பலவந்தப் பரிசோதனைகளையும் நிறுத்தும்படி பொலிஸ் மா அதிபர் இன்றே சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.