கல்லூரி சிம்போசியமா, மண்டபத்து ‘இலவச’ கருத்தரங்கா? பிளஸ் 2 பெற்றோரே, அட்வான்ஸ் கட்டும் முன் இதை படிங்க!

உளுந்தூர்பேட்டை:

பிளஸ் 2 பரீட்சை முடிந்தால் போதும். திருநாவலூர், மடப்பட்டு, களமருதூர் பக்கம் டீக்கடை சுவரெல்லாம் போஸ்டர் மயம்தான். ‘இலவச உயர்கல்வி கருத்தரங்கம்’, ‘என்ஜினீயரிங் வழிகாட்டி முகாம்’, ‘அனுமதி இலவசம், மதிய உணவு உண்டு’ என்று கலர் கலராக ஒட்டுகிறார்கள்.

அதே சமயம், நிஜமான பல்கலைக்கழக என்ஜினீயரிங் கல்லூரிகளில் வருடம் முழுக்க சிம்போசியம், சொற்பொழிவு, கண்காட்சி என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கிறது. அதற்கு நம்ம ஊரில் ஒரு துண்டு நோட்டீஸ்கூட வருவதில்லை. கொத்து வேலைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற அப்பா, அம்மாவுக்கு எது கல்லூரி நிகழ்ச்சி, எது ஆள் பிடிக்கிற நிகழ்ச்சி என்று தெரியாமல் போவது இதனால்தான். இந்த குழப்பத்தில் ஒரு பையனின் நாலு வருட படிப்பு செலவே மாறிப்போகும்.

முதலில் ஊர் நிலவரம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக 2019 நவம்பர் 26-ந்தேதி உதயமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. ஆனால் அரசு என்ஜினீயரிங் கல்லூரியோ, அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் கல்லூரியோ நம் மாவட்டத்தில் இல்லை. திருநாவலூர்க்காரருக்கு பக்கம் என்றால் விழுப்புரம் காகுப்பத்தில் இருப்பது, பண்ருட்டி பணிக்கன்குப்பத்தில் இருப்பது. இரண்டுமே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். கொஞ்சம் தூரம் போனால் சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தின் பொறியியல் புலம். அது 1945-ல் ஆரம்பித்தது.

இதில் ஒரு குழப்பம் உண்டு. அண்ணா வேறு, அண்ணாமலை வேறு. நம் மாவட்ட கலைக் கல்லூரிகள் 2021 முதல் அண்ணாமலை பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தன. தனியார் என்ஜினீயரிங் கல்லூரிகள் இணைந்திருப்பது அண்ணா பல்கலைக்கழகத்தோடு. புரோக்கர்கள் இந்த இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி போட்டு பேசும்போது, கேட்கிறவர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்.

சிம்போசியத்தில் என்னதான் நடக்குது?

ஒவ்வொரு துறையும் வருடத்துக்கு ஒரு தடவை சிம்போசியம் நடத்தும். மற்ற கல்லூரி மாணவர்கள் வருவார்கள். பேப்பர் பிரசன்டேஷன், புராஜெக்ட் எக்ஸ்போ, குவிஸ், கோடிங் போட்டி, ரோபோ ஓட்டுவது என்று காலையில் இருந்து மாலை வரை ஓடும். வருகிற பையன்களில் பாதி பேர் ‘ஓ.டி.’ கிடைக்குதே, மதியம் சாப்பாடு இருக்கே, ஒரு சர்டிபிகேட் வருமே என்று வருகிறவர்கள்தான், அதையும் சொல்லியாகணும். ஆனாலும் எக்ஸ்போ அறைக்குள் ஒரு பிளஸ் 1 பையன் நுழைந்து, தன்னைவிட மூணு வயசு பெரிய ஒரு அண்ணன், தானே செய்த சொட்டுநீர் மோட்டாரை போனில் ஆன் செய்து காட்டுவதை பார்த்தால், அது பத்து நோட்டீசுக்கு சமம்.

பெரிய திருவிழாக்கள் சென்னையில். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி 1794-ல் சர்வே பள்ளியாக துவங்கியது. அங்கே மாணவர்களே நடத்தும் ‘குருஷேத்ரா’ தொழில்நுட்ப விழா 2007-ல் ஆரம்பித்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஜனவரியில் ‘ஷாஸ்த்ரா’ (தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வேறு, குழப்பிக்காதீங்க). சமீப வருடங்களில் அந்த சமயத்தில் ஆய்வுக்கூடங்களை பொதுமக்களுக்கு திறந்து காட்டியிருக்கிறார்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் தினம், செப்டம்பர் 15 என்ஜினீயர்கள் தினம், அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். இந்த நாட்களை ஒட்டி கல்லூரிகளில் சொற்பொழிவு, கண்காட்சி நடப்பது வழக்கம். இஸ்ரோக்காரர்கள் ராக்கெட் மாதிரியை கொண்டுவந்து வைத்து காட்டுவதும் இந்த விண்வெளி வாரத்தில்தான்.

இஸ்ரோ என்றதும் நம்ம பக்கத்து ஊர்க்காரர் ஞாபகம் வராமல் இருக்காது. 2023 ஆகஸ்டு 23-ந்தேதி நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்ட இயக்குனர் வீரமுத்துவேல், விழுப்புரத்துக்காரர். ரெயில்வே தொழிலாளி மகன். ரெயில்வே பள்ளியில் படித்து, அடுத்து போனது பாலிடெக்னிக். டிப்ளமோ முடித்துவிட்டுத்தான் என்ஜினீயரிங். பிறகு திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம். பிளஸ் 2-ல் மார்க் போச்சு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருக்கும் வீடுகளுக்கு இந்த பாதை தெரியணும். பாலிடெக்னிக் முடித்தால் என்ஜினீயரிங்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். மண்டபத்து கருத்தரங்கில் இதை யாரும் மைக்கில் சொல்வதாக தெரியவில்லை. சொன்னால் அந்த வருட சீட்டு அவர்களுக்கு நிரம்பாது.

மண்டபத்துக்குள் நடப்பது

போஸ்டர் ஒட்டும் முகாம்களில் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. சில இடங்களில் கட்-ஆப் கணக்கு ஒழுங்காக சொல்லித்தருகிறார்கள். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. அவ்வளவுதான் கணக்கு. 2007-க்கு பிறகு இதற்கு நுழைவுத்தேர்வும் கிடையாது.

சிக்கல் கடைசியில் ஒரு மேஜை போடுவார்களே, அங்கே இருக்கிறது. ‘இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா பீஸ்ல தள்ளுபடி’, ‘ஒரிஜினல் மார்க் ஷீட்டை கொடுத்துட்டு போங்க, சீட்டு உறுதி’ என்கிற மேஜை.

இங்கே பணம் கட்டினால் அது பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டு சீட்டாகத்தான் இருக்கும். அந்த நிமிடமே இரண்டு சலுகை கையை விட்டு போகிறது. ஒன்று, 6-ம் வகுப்பில் இருந்து பிளஸ் 2 வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு. என்ஜினீயரிங்குக்கு இது 2021-ல் வந்தது. இதில் சேருகிறவருக்கு படிப்பு கட்டணம், விடுதி கட்டணம், கவுன்சிலிங் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்று அந்த வருடம் செப்டம்பரில் அறிவித்தார்கள். தனியார் கல்லூரியில் சீட்டு கிடைத்தாலும் இது உண்டு, ஆனால் கவுன்சிலிங் வழியாக போயிருக்கணும். இரண்டாவது, வீட்டில் முதல் பட்டதாரிக்கு 2010 முதல் தரும் கட்டண சலுகை. அதுவும் கவுன்சிலிங் வழிதான்.

இத்தனைக்கும் அதே கல்லூரியின் சீட்டே கவுன்சிலிங்கிலும் இருக்கிறது. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தை கவுன்சிலிங்குக்கு கொடுத்தாகணும். பணம் கொடுத்து வாங்கின அதே பெஞ்சில், பைசா கட்டாத இன்னொரு பையனும் உட்கார்ந்திருப்பான். 2025-ல் கவுன்சிலிங்குக்கு பதிவு செய்தவர்கள் 3 லட்சத்தை தாண்டினார்கள். மே முதல் வாரம் துவங்கி ஜூன் முதல் வாரம் வரை பதிவு நடந்தது. பதிவு கட்டணம் 500 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 250 ரூபாய். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு உதவி மையங்களும் வைத்தார்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட் விஷயத்தில் திருநாவலூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம்ம ஊரில் பிறந்த சுந்தரர் கல்யாணத்தில், ஒரு கிழவர் வந்து ஓலையை காட்டி ‘நீ என் அடிமை’ என்று வழக்கு போட்ட கதை ஊருக்கே தெரியும். சுந்தரர் கோபத்தில் கிழித்துப் போட்டது நகல். திருவெண்ணெய்நல்லூர் பஞ்சாயத்தில் கிழவர் எடுத்து நீட்டியது மூல ஓலை. வழக்கு அவர் பக்கம் சாய்ந்தது. ஒரிஜினல் யார் கையில் இருக்கோ அவர் பேச்சுதான் எடுபடும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. வந்தவர் சிவபெருமான் என்பதால் சுந்தரர் தப்பித்தார். புரோக்கரிடம் அப்படி எதிர்பார்க்க முடியாது. எந்த கல்லூரியும் ஒரிஜினலை பிடித்து வைக்கக்கூடாது, பார்த்துவிட்டு திருப்பிக் கொடுக்கணும் என்று 2018-லேயே யு.ஜி.சி. சொல்லிவிட்டது. கேட்டால் இதை சொல்லலாம்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். ‘உங்க துறையில எத்தனை வாத்தியார்? பேர் என்ன? இன்னிக்கு அவங்க வந்திருக்காங்களா?’ என்று. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாக கணக்கு காட்டப்பட்ட பேராசிரியர்கள் 353 பேர், கல்லூரிகள் 224 என்று அதில் சொன்னார்கள். அண்ணா பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்க வேண்டியதாகிவிட்டது. ஏ.சி. மண்டபத்தில் இது தெரியாது. கல்லூரிக்கே நேரில் போய், சிம்போசியம் நடக்கிற நாளில் லேப் கதவு திறந்திருக்கா, மிஷின் மேல தூசி இருக்கா என்று பார்த்தால் தெரியும். மோட்டார் பழுது பார்க்கிறவர், வெல்டிங் அடிக்கிறவர் எல்லாம் இதை வாத்தியாரைவிட நன்றாக கண்டுபிடிப்பார்.

பொண்ணை அனுப்பலாமா?

இந்த பயம் நியாயமானது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. 2025 ஜூன் மாதம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, 30 வருடத்துக்கு குறையாமல் என்று கோர்ட்டு சொன்னது. வெளியாட்கள் உள்ளே போவதில் கெடுபிடி வந்தது. அதனால் போகிறவர்கள் பள்ளி அடையாள அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு, பகல் நிகழ்ச்சிக்கு, பள்ளி வழியாக கும்பலாக போவதுதான் சரி.

பள்ளி வழியாக போக வழியும் இருக்கு. 2022 மார்ச்சில் ஆரம்பித்த ‘நான் முதல்வன்’ திட்டத்தில், பிளஸ் 2 அரசு பள்ளி மாணவர்களை பஸ்சில் கூட்டிப்போய் கல்லூரியை காட்டும் ‘களப்பயணம்’ நடத்தினார்கள். மாவட்ட நிர்வாகம் நடத்திய ‘கல்லூரி கனவு’ முகாமும் அதில் ஒன்று. அங்கே அட்வான்ஸ் மேஜை கிடையாது. உங்க பிள்ளை படிக்கிற பள்ளியில் இதை நடத்துகிறார்களா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்க பெற்றோருக்கு உரிமை இருக்கு.

போனால் புரியுமா என்பது அடுத்த பிரச்சினை. மேடையில் முக்கால்வாசி இங்கிலீஷ்தான். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் படிப்பை தமிழிலும் கொண்டுவந்தது. 2023 மே மாதம் உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்தப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கியது. பாடமே தமிழில் சொல்லித்தரலாம் என்கிறபோது, வருகிற பள்ளி பிள்ளைகளுக்கு ஒரு அரை மணி நேரம் தமிழில் பேசினால் என்ன குறைந்துவிடும்? விழுப்புரம், பண்ருட்டி கல்லூரிகள் அழைப்பிதழை தமிழில் அடித்து திருநாவலூர், உளுந்தூர்பேட்டை பள்ளிகளுக்கு ஒரு தபாலில் போட்டால் செலவு சில நூறு ரூபாய்தான் ஆகும்.

திருநாவலூருக்காவது நெடுஞ்சாலை பக்கத்தில் இருக்கு. கல்வராயன் மலை வெள்ளிமலை பக்கம் இருந்து ஒரு பிள்ளை விழுப்புரம் கல்லூரி நிகழ்ச்சிக்கு வரணும்னா, விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். மலை மக்களின் நிலைமையை 2024 ஜூலையில் ஐகோர்ட்டே தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அதே மலைத்தொடரின் சேலம் பக்கம், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி 2025-ல் ஜே.இ.இ. தேர்வில் ஜெயித்து சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தார்.

உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் தைவான் கம்பெனியின் ஷூ தொழிற்சாலைக்கு 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். 2,302 கோடி ரூபாய் முதலீடு, 12 வருடத்தில் 20 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவிப்பு. அங்கே மிஷின் பக்கத்தில் நிற்கப்போவது நம்ம பிள்ளைகளா, மிஷினை பழுது பார்த்து ஓட்டப்போவதும் நம்ம பிள்ளைகளா என்பது இன்னும் நாலைந்து வருடத்தில் தெரிந்துவிடும். அதற்கான கவுன்சிலிங் பதிவு வழக்கப்படி மே மாதம். சாதி சான்று, வருமான சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்பவே எழுதிப்போட்டு வைங்க. கடைசி வாரத்தில் சர்வர் எப்படி சுத்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.