அயல்நாட்டுப் பயிற்சியும் தாயகம் மீள்தலும்

ஒரு காரியத்தைத் தொடங்குதற்கு நாள் பார்ப்பார் பலர். முடித்தற்கு முறை பார்ப்பார் சிலரே. ஆசிரியப் பயிற்சியின் பொருட்டு அயல்நாடு செல்லும் நம் மாணாக்கர் திறத்து இவ்வுண்மை மிகவும் பொருந்துவதாகும். புறப்படுமுன் கடவுச்சீட்டு, குளிருடை, வழிச்செலவு, அந்நாட்டு உணவு என்று எத்தனையோ செய்திகளை விசாரிக்கின்றோம். அங்கே வகுப்பில் நிற்கப்போகும் முதல் நாளைப் பற்றிப் பல இரவுகள் எண்ணுகின்றோம். ஆனால் அவ்வகுப்பை விட்டு எவ்வாறு நீங்குவது, நீங்கி வந்தபின் நம் நாட்டு வகுப்பில் எவ்வாறு புகுவது என்பவற்றை எவரும் நமக்குக் கற்பிப்பதில்லை; நாமும் கேட்பதில்லை. பயிற்சியின் பயன் நிலைபெறுவதும் அழிவதும் பெரும்பாலும் அதன் கடைசி வாரத்திலும், திரும்பி வந்த முதற் பருவத்திலுமே என்பது என் துணிபு. அதனை நம் கல்லூரி அன்பர்முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் பயிற்சி பெற்றது பின்லாந்து தேசத்தின் நடுப்பகுதியில், யுவாஸ்குலா என்னும் நகரை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்தில். மார்ச்சு மாதத் தொடக்கத்தில் யான் அங்குச் சென்றபொழுது ஏரிகள் உறைந்து கிடந்தன. மக்கள் அவற்றின்மேல் நடந்து செல்வதைக் கண்டு வியந்தேன். ஜூன் மாதத் தொடக்கத்தில் விடைபெற்றபொழுது இரவு பத்து மணிக்கும் விளக்கின் உதவியின்றி நூல் படிக்கக் கூடியதாயிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருபதின்மருக்கு, அவ்வகுப்பு ஆசிரியையின் மேற்பார்வையில், ஆங்கிலம் கற்பித்தேன். அங்கே ஏழாம் வயதில்தான் முதல் வகுப்பில் சேர்க்கின்றனர். ஆதலால் என் மாணாக்கர் ஒன்பது, பத்து வயதினர். அவர்கள் காலணியை வாயிலில் கழற்றிவிட்டு வகுப்பினுள் வருவர். இவ்வழக்கம் முதல் நாளிலேயே நம் ஊரை எனக்கு நினைப்பூட்டியது. ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பர். இதற்கு என் செவி பழக இரண்டு வாரம் ஆயிற்று. 45 நிமிடப் பாடத்தின்பின் 15 நிமிட ஓய்வு உண்டு. வெளியே பனி கிடப்பினும் அந்நேரத்தில் முற்றத்தில் ஓடி விளையாடுவர்.

நம் ஊரில் ஓர் ஆசிரியர் பள்ளியை விட்டு நீங்கினால் மாலையும் மரியாதையும் உண்டு, உபசாரப் பத்திரம் கண்ணாடிச் சட்டமிட்டு அளிக்கப்படும், புகைப்படம் எடுக்கப்படும். அத்தகைய வழியனுப்பு எனக்கும் நிகழும் என்று உள்ளூர எதிர்பார்த்திருந்தேன் என்பதை மறைத்தற்கில்லை. நிகழ்ந்தது வேறு. அங்கே பள்ளியாண்டு ஒரு சனிக்கிழமையில் முடிவடைகின்றது. அன்று காலை பிள்ளைகளும் பெற்றோரும் கூடினர். தலைமுறை தலைமுறையாக அந்நாளில் பாடப்பெறும் கோடைப் பாடலைப் பாடினர். பிள்ளைகள் சான்றிதழ் பெற்றனர். ஒரு மணி நேரத்திற்குள் கலைந்து சென்றனர். என் ஆசிரியை என் கையைப் பற்றிக் குலுக்கினார், அவ்வளவே. மனம் சிறிது கசந்தது. பின்பு ஆலோசித்துப் பார்க்கையில் அந்நாள் பிள்ளைகளின் நாளேயன்றி என் நாள் அன்று என்பது விளங்கிற்று. யான் அவர்களுக்குச் செய்த உபகாரத்தினும், என் தடுமாற்றங்களையெல்லாம் பொறுத்து அவர்கள் எனக்குச் செய்த உபகாரமே பெரிது. பயிற்சி மாணாக்கன் ஒருவன் பிள்ளைகளின் காலத்தைக் கடனாகப் பெற்றே தன் தொழிலைக் கற்கின்றான். கடன் பெற்றவனுக்கு மாலையிடும் வழக்கம் எந்நாட்டிலும் இல்லை.

அக்கடனை அடைக்கும் வழியாது? இதனையும் ஒரு சிறுமியிடமிருந்தே கற்றேன். கடைசி வாரத்து வியாழக்கிழமையன்று அவள் தான் கற்ற ஆங்கிலச் சொற்களையெல்லாம் கூட்டி, "நீங்கள் எப்போது திரும்பி வருவீர்கள்?" என்று கேட்டாள். யான் சிறிதும் தயங்காது, "அடுத்த ஆண்டு வருவேன்" என்றேன். நம் வீடுகளில் விடைபெறுவோர் "போகிறேன்" என்னாது "போய் வருகிறேன்" என்பது வழக்கமன்றோ? அவ்வழக்கமே என் நாவில் வந்தது. பிள்ளைகள் சென்றபின் ஆசிரியை என்னை அழைத்து, "அவள் மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பாள். நீர் மெய்யாகவே வருவீரா?" என்று வினவினார். யான் தலைகுனிந்தேன். திரும்பிச் செல்லப் பணமும் இல்லை, எண்ணமும் இல்லை. மறுநாட் காலையில் அச்சிறுமியிடம் சென்று, "நேற்று யான் சொன்னது தவறு. யான் வருவது ஐயம். ஆனால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குமுன் உங்கள் வகுப்பிற்கு ஒரு கடிதம் எழுதுவேன்" என்றேன். அவள் சிறிது யோசித்து, "சரி" என்று சொல்லித் தன் வேலையைப் பார்க்கச் சென்றாள். யான் அஞ்சியபடி அவள் அழவில்லை. பொய்யான ஆறுதலைவிட நிறைவேற்றக்கூடிய ஒரு சிறு வாக்கே பிள்ளைகளுக்கு உகந்தது என்பதை அன்று உணர்ந்தேன்.

வகுப்பை ஒப்படைத்தலும் அக்கடனின் ஒரு பகுதியே. என் ஆசிரியை கடைசி மூன்று நாட்களில் என்னைப் புதுப்பாடம் எடுக்க விடவில்லை. திருத்தப்படாத ஏடுகளைத் திருத்தச் செய்தார். இருபது பிள்ளைகளுக்கும் தனித்தனியே ஒரு குறிப்பு எழுதப் பணித்தார்: இவன் எதனைக் கற்றான், எங்கே தடுக்குகின்றான், எவர் பக்கத்தில் அமர்த்தினால் வாய் திறப்பான் என்பன போன்றவை. இவ்வேலை சலிப்பைத் தந்தது. ஆயினும் பத்துப் பிள்ளைகளுக்கு எழுதிய பின்னர் எழுதுகோல் நின்றுவிட்டது. எஞ்சிய பதின்மருள் சிலரைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமே இல்லை. மூன்று மாதம் அவர்முன் நின்றும் அவரை யான் கண்டிலேன்! இருந்த மூன்று நாட்களில் அவர் அருகே சென்று அமர்ந்தேன். எனக்குமுன் பயின்ற ஒருவர் விட்டுச் சென்ற குளிரங்கியை அணிந்தே யான் அக்குளிரைக் கழித்தேன். அதனை வெளுத்து, எனக்குப் பின் வருவார்க்கென வைத்துவிட்டு வந்தேன். அங்கியைப் போலவே வகுப்பையும் அடுத்தவர் எடுத்தணியும் நிலையில் விட்டுவருதல் வேண்டும்.

இனித் தாயகம் மீள்வதைப் பற்றிச் சொல்லுவேன். அவர்கள் பள்ளி மூடும் ஜூன் மாதத்தில் நம் பள்ளிகள் திறக்கின்றன. யான் வந்திறங்கிய சில நாட்களில் ஊர்ப்புறத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாக அமர்ந்தேன். அதற்கு முந்திய நாள் அன்பர் சிலர் கூட்டிய ஒரு சபையில் என் அனுபவங்களைக் குறித்துப் பேசும்படி வேண்டப்பெற்றேன். அப்பேச்சை இன்று நினைப்பினும் நாணுகின்றேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதற்கு என்னைவிடச் சிறந்த உதாரணம் அன்று கிடைத்திராது. அங்குள்ளன யாவும் உயர்வு, இங்குள்ளன யாவும் இழிவு என்று முக்கால் மணி நேரம் பேசினேன், கைதட்டலும் பெற்றேன். கூட்டம் கலைந்தபின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் அருகே வந்தார்.

"தம்பி, அங்கே உன் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?"

"இருபது, ஐயா."

"நாளைக்கு?"

"நாற்பத்திரண்டு பேர் என்று சொன்னார்கள், ஐயா."

"அந்த நாற்பத்திரண்டு பேருக்கு என்ன கொண்டுவந்திருக்கிறாய்?"

என்னிடம் விடை இல்லை. பெரியவர் என் தோளைத் தட்டிவிட்டுச் சென்றார்.

அவ்வினாவே என்னை உண்மைகளை ஆராயத் தூண்டிற்று. பின்லாந்தின் கல்விப் புகழ் பெரிதும் 'பைசா' என்னும் பன்னாட்டுத் தேர்வினால் விளைந்தது. 2000-ஆம் ஆண்டில் அது முதன்முறை நடந்தபொழுது பதினைந்து வயது மாணாக்கரின் வாசிப்புத் திறத்தில் அந்நாடு முதலிடம் பெற்றது. ஆயின் 2006-இல் 548 ஆக இருந்த அதன் கணிதச் சராசரி 2022-இல் 484 ஆகக் குறைந்தது. இதனை அந்நாட்டு ஆசிரியர் மறைப்பதில்லை, கவலையோடு விவாதிக்கின்றனர். நாமோ இன்னும் பழைய புகழையே பாடிக்கொண்டிருக்கின்றோம். அதே தேர்வில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டு, 2011-இல் வெளியான முடிவில், 70-க்கு மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் அடங்கிய பட்டியலின் கடைசி வரிசையில் நின்றன. இதனை நாமும் மறைத்தலாகாது. மற்றொன்று: பின்லாந்தில் பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் இலவச உணவு அளிக்கும் சட்டம் 1943-இல் இயற்றப்பெற்று 1948-இல் முழுதும் நடைமுறைக்கு வந்தது. என் சொற்பொழிவில் இதனைப் பெரிதும் வியந்தேன். சென்னை நகரசபை 1920-இலேயே ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் நண்பகல் உணவளிக்கத் தொடங்கியதும், 1956-இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் மாநிலத்தில் பரவியதும், 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்ததும் அன்று என் நினைவில் எழவில்லை. தன் வீட்டில் உள்ளதை அறியாதவன் அயல் வீட்டை அளவிடப் புகுந்தால் அளவு பிழைபடும் அன்றோ?

அந்நாட்டினரே இதற்கு நல்வழி காட்டியிருக்கின்றனர். ஊனோ சிக்னேயுஸ் என்னும் போதகரை அவர்தம் அரசினர் 1858-இல் அயல்நாட்டுப் பள்ளிகளைக் கண்டுவர அனுப்பினர். அவர் ஸ்வீடன், ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து முதலிய தேசங்களைச் சுற்றிப் பார்த்து மீண்டார். 1863-இல் யான் தங்கியிருந்த அந்த யுவாஸ்குலா நகரில் பின்னிய மொழியிலேயே கற்பிக்கும் ஆசிரியர் பயிற்சிச் சாலை அவர் தலைமையில் தோன்றிற்று. ஆடவரும் பெண்டிரும் அதிற் பயின்றனர். கைத்தொழிலைப் பள்ளிப் பாடமாக்கிய பெருமையும் அவருக்கு உண்டு. அவர் கண்டவை பல நாட்டவை. கட்டியதோ தம் நாட்டுக் குடியானவர் பிள்ளைகளுக்கென்று கட்டியது. அந்நாட்டுச் சர்வகலாசாலைப் பயிற்சிப் பள்ளிகளுக்கு 'நார்மல்' பள்ளி என்னும் பழம்பெயர் இன்றும் வழங்குகின்றது. நம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் 1856-இல் நார்மல் பள்ளியாகவே தொடங்கிற்று. ஆதலால் நாம் நேற்றுப் பிறந்தவர் என்று நாணவும் வேண்டா; முன்னே பிறந்தோம் என்று செருக்கவும் வேண்டா.

முதற் பருவம் முழுதும் அந்நாற்பத்திருவர்முன் நின்று பார்த்தேன். அங்கிருந்து கொணர்ந்தவற்றுள் பல நிலைக்கவில்லை. பாடந்தோறும் 15 நிமிட ஓய்வு விடுதற்கு நம் பாடவேளை அட்டவணை இடந்தரவில்லை. சிறிய வகுப்பும், 1979 முதல் முதுகலைப் பட்டம் பெற்றவரையே ஆசிரியராக அமர்த்தும் அவர்தம் விதியும் பெட்டியில் வைத்துக் கொண்டுவரத் தக்கனவல்ல; அவை அரசும் காலமும் செய்யவேண்டியவை. எஞ்சியவை மூன்று பழக்கங்களே. வினா ஒன்றைக் கேட்டபின் உடனே யானே விடை கூறாது, மெல்லச் சிந்திக்கும் பிள்ளைக்காகப் பொறுத்திருத்தல் ஒன்று. நாள்தோறும் நான்கு பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொரு வரி எழுதி வைத்தல் மற்றொன்று. அதனால் எவரும் என் கண்ணுக்குத் தப்புவதில்லை. மூன்றாவது, பின்தங்கிய பிள்ளையைத் தேர்வு வரையிற் காத்திராது தொடக்கத்திலேயே கண்டு தனியே கற்பித்தல். அங்கே இதற்கெனத் தனி ஆசிரியர் உளர், இங்கே யானே மாலையில் அரைமணி நேரம் தங்குகின்றேன். எழுத்துக் கூட்டவும் அறியாத அறுவர் இருந்தனர். காலாண்டுத் தேர்வின்போது அவருள் நால்வர் சிறு வாக்கியங்களைப் படித்தனர்; இருவர் இன்னும் படிக்கவில்லை. பெரியவரின் வினாவிற்கு யான் தரக்கூடிய விடை இப்போதைக்கு இவ்வளவே.

வாக்களித்த கடிதத்தையும் டிசம்பர் மாத முதல் வாரத்தில் எழுதி அனுப்பினேன். நம் பிள்ளைகள் வரைந்த படங்கள் சிலவும் அதனுடன் சென்றன.

இவற்றைக் கொண்டு நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றேன். அயல்நாட்டிற் பயின்று மீளும் மாணாக்கரை வந்த வாரத்திலேயே மேடையேற்றும் வழக்கத்தை விட்டுவிடல் நலம். அவர் முதலில் ஒரு பருவம் நம் ஊர்ப் பள்ளியொன்றில் கற்பிக்கட்டும். அதன்பின் அவரைப் பேச அழைப்போம். அதற்குள் நினைவு மங்கிவிடும் என்று சிலர் கூறக்கூடும். நினைவிற்கு நாட்குறிப்பு உண்டு; அதனை அங்கிருக்கையிலேயே எழுதி வைக்கலாம். மங்கிப்போவது பெரும்பாலும் வியப்பே; வியப்பு மங்கிய பின்னர் எஞ்சுவதே பிறர்க்குப் பயன்படுவது. புறப்படுவார்க்கும் ஒரு சொல் உண்டு: செல்லும் நாளிலேயே மீளும் நாளையும் எண்ணுங்கள். அங்கே உங்களை நம்பிய பிள்ளைகளிடம் நிறைவேற்ற இயலாத வாக்கொன்றும் அளியாதீர்கள். இங்கே உங்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு வாராதீர்கள்.